நோவு தொடங்கிய பிறகு புறப்பட்டால்

எழுபத்திரண்டு வயது வரை நான் விமானம் ஏறியதில்லை. அரசுக் கல்லூரியில் வரலாறு கற்பித்து முதல்வராக ஓய்வு பெற்றவன் நான். பணி நிமித்தம் போன ஊர்களுக்கெல்லாம் ரயில் இருந்தது. வெளிநாடு சென்று திரும்பிய நண்பர்கள் விமானப் பயணத்தை வருணிக்கும்போது பொறுமையாகக் கேட்டுக்கொள்வேன். மேற்கொண்டு கேள்வி கேட்டு அவர்களுக்கு இடம் கொடுத்ததில்லை.

அண்மையில் நான் கொழும்புக்குப் போக நேர்ந்தது. என் ஒரே மகன் சரவணன், சென்னையில் தன்னோடு படித்த அபிராமி என்ற பெண்ணைத் திருமணம் செய்துகொள்ள விரும்பினான். யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பம். கொழும்பில் வெள்ளவத்தையில் குடியிருக்கிறார்கள். பெண்ணுக்குத் தந்தை இல்லை. தாயார் தவமணி அம்மையார் அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் எழுதுவினைஞராக, நம் வழக்கில் எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவர். ஜாதகம் பொருந்தியது, படிப்பும் பொருந்தியது. ஆனால் அந்த அம்மையார் மாதக்கணக்கில் சம்மதமும் சொல்லவில்லை, மறுப்பும் சொல்லவில்லை. தொலைபேசியில் கேட்கும்போதெல்லாம் "யோசிச்சுச் சொல்லுறன்" என்பதே பதில்.

இங்கே என் நிலையைச் சொல்லியாக வேண்டும். கொழும்பில் பெண் எடுக்கிறோம் என்று உறவினரிடமும் பழைய சகாக்களிடமும் நான் சொல்லிவிட்டிருந்தேன். பெரம்பூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மண்டபத்திலும் பேசியாகிவிட்டது. முடியாத காரியத்தை முடிந்ததாகச் சொல்லித் திரிபவன் என்ற பெயர் எனக்கு ஒருபோதும் இருந்ததில்லை. இந்த வயதில் அதை ஈட்டிக்கொள்ளவும் விருப்பமில்லை. ஆகவே நேரில் சென்று, முறைப்படி கேட்டு, சம்மதம் பெற்றுவருவதென்று தீர்மானித்தேன். மாப்பிள்ளையின் தந்தை கடல் கடந்து தேடிவந்து கேட்டால் யார்தான் மறுப்பார்கள் என்பது என் எண்ணம்.

அந்தக் கடலைப் பற்றிச் சொல்கிறேன். சோழர் படை கடல் கடந்த பகுதியை வகுப்பில் நடத்தும்போது என் குரல் தானாகவே உயரும். கலங்களையும் காற்றையும் அலைகளையும் சொல்லிக் கடைசி வரிசை மாணவனையும் நிமிர வைத்துவிடுவேன். இப்போது விமானம் மேலெழுந்து, காதடைப்பு நீங்கி, பணிப்பெண் தந்த பொட்டலத்தைப் பிரித்து, உள்ளேயிருந்த ரொட்டித் துண்டைப் பற்றி நான் ஒரு முடிவுக்கு வருவதற்குள் அந்தக் கடல் கீழே வந்து, நீலமாகக் கிடந்து, முடிந்தும்போயிற்று. மறுபடியும் நிலம். வெண்திட்டாக நீர்நிலைகள், நடுவே கரும்புள்ளிகளாகப் பனைகள். பக்கத்து இருக்கையில் இருந்த துணி வியாபாரி, "யாழ்ப்பாணம் சார்" என்றார், ஏதோ தன் தெருவைக் காட்டுவதுபோல. எழும்பூரில் ரயிலேறித் திருநெல்வேலிக்குப் போகிறவன் அந்நேரத்தில் மேல்மருவத்தூரைக் கூடத் தாண்டியிருக்க மாட்டான். நான் கண்ணாடிச் சன்னலில் நெற்றியை வைத்தபடி இருந்தேன். இறங்கும் நேரத்தில் கைக்கடிகாரத்தைத் திருத்தப் போனேன். "அதுவும் வேண்டாம் சார், ரெண்டு ஊருக்கும் ஒரே மணிதான்" என்றார் வியாபாரி.

கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து வெள்ளவத்தைக்கு வந்து சேர, கடலைத் தாண்டிய நேரத்தைவிட அதிக நேரம் ஆயிற்று. சம்மதம் கிடைக்காத வீட்டில் தங்குவது முறையன்று என்பதால் ஒரு விடுதியில் அறை எடுத்தேன். வெள்ளவத்தையில் எந்தச் சந்துக்குள் திரும்பினாலும் அதன் முடிவில் கடல் நிற்கிறது. கடலுக்கும் வீடுகளுக்கும் நடுவே ரயில் ஓடுகிறது. வாசற்படியில் தொங்குகிறவர்களின் சட்டையில் அலைத்தூறல் படுகிறது. காலி நகருக்குப் போகும் காலி வீதியில் புடவைக் கடைகளும் நகைக் கடைகளும் தமிழ்ப் பலகைகளோடு நெருங்கி நிற்கின்றன. பாண்டி பஜார் கடலோரத்துக்குக் குடிபெயர்ந்ததுபோல இருந்தது.

மாலையில் ஒரு சைவ உணவகத்தில் தேநீர் கேட்டேன். பரிமாறுபவர் தேநீரோடு வடையும் ரோல்சும் போண்டாவும் நிறைந்த ஒரு தட்டையும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். கேட்காததைக் கொண்டுவருவது அந்நாட்டு உபசாரம்போலும் என்று நினைத்தேன். இலையில் வைத்ததை மிச்சம் வைப்பது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. சிரமப்பட்டு முழுவதையும் முடித்தபோது பரிமாறுபவர் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை இருந்தது. "ஐயா, வேண்டியதை எடுத்திட்டு மிச்சத்தை விடுறதுதான் இஞ்ச வழக்கம். சாப்பிட்டதுக்கு மட்டும் காசு" என்றார்.

அந்த வயிற்றோடுதான் தவமணி அம்மையாரின் வீட்டுக்குப் போனேன். அடுக்குமாடியில் மூன்றாம் மாடி. இடியப்பமும் சொதியும் சம்பலும் கத்தரிக்காய்க் கறியும் மேசையில் காத்திருந்தன. அம்மையாருக்கு மெலிந்த உருவம், மூக்குக் கண்ணாடிக்குப் பின்னால் கணக்குப் பார்க்கும் கண்கள். அபிராமி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தாயாரின் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். நான் தயாரித்துக்கொண்டு போயிருந்த உரையைத் தொடங்குவதற்குள் அம்மையார் முந்திக்கொண்டார்.

"ஐயாவுக்கு பிளேனில எவ்வளவு நேரம் எடுத்தது?"

"ஒன்றேகால் மணி நேரம்தான், அம்மா."

"அது பிளேனுக்கு. உங்களுக்கு?"

எனக்கு விளங்கவில்லை. "எப்ப வீட்டால வெளிக்கிட்டனீங்கள், எப்ப இஞ்ச வந்து சேர்ந்தனீங்கள்?" என்று விளக்கினார். விடியுமுன் புறப்பட்டதையும், பிற்பகலில் வந்து சேர்ந்ததையும் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

"நான் ஒண்டு கேக்கட்டே? கோவிக்கக் கூடாது. நாளைக்கு அபிராமி உங்கட வீட்டில இருக்கிறாள். பிள்ளைப்பேறு. நோவு தொடங்கிட்டுது எண்டு எனக்குப் போன் வருது. அதுக்குப் பிறகு நான் வெளிக்கிட்டா, பிள்ளை பிறக்க முன்னம் வந்து சேருவனோ?"

"அம்மா!" என்று கத்திவிட்டு அபிராமி உள்ளே ஓடினாள். எனக்கும் ஓடலாம்போல் இருந்தது. பிள்ளைப்பேற்றைப் பற்றி என் மனைவியே என்னிடம் நேராகப் பேசியதில்லை.

"நீங்கள் முன்னதாகவே வந்து தங்கிவிடலாமே? வீட்டில் இடமிருக்கிறது."

"தங்கலாம். டொக்டர் சொன்ன நாளில எந்தப் பிள்ளை ஐயா பிறந்தது? விசாவில முப்பது நாள் தருவாங்கள். பிள்ளை முப்பத்தோராம் நாள்தான் வரும்."

"என் மனைவி கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்வாள்."

"பார்ப்பா. நல்லாப் பார்ப்பா. நான் அதைக் கேக்கேல்லை."

தேர்வறையில் வினாத்தாளைப் புரட்டிப் பார்க்கும் மாணவனைப்போல் மேசையிலிருந்த கிண்ணங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "விசாரித்துச் சொல்கிறேன்" என்றேன். எங்கள் வீட்டுக்கு நான்கு மாதமாக வந்துகொண்டிருந்த பதிலின் உறவுக்கார வாக்கியம் அது என்பது படியிறங்கும்போதுதான் உறைத்தது.

மறுநாள் அபிராமியின் தாய்மாமன் குலசிங்கத்தைப் பார்க்கக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். தவமணி அம்மையாருக்குத் தம்பி. மளிகைச் சாமான் மொத்த வியாபாரம். முச்சக்கரவண்டியில் போகும்படி விடுதிக்காரர் சொன்னார். ஒரு நகரத்தை அறிய வேண்டுமானால் பேருந்தில்தான் போக வேண்டும் என்று அவருக்கு எடுத்துரைத்துவிட்டுப் பேருந்து ஏறினேன். கொழும்புக் கோட்டை நிறுத்தத்தில் மாறி ஏறிய இரண்டாவது வண்டியில் ஒரு சிங்களப் பெண்மணி எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம் அவர் ஏதோ சொல்ல, வண்டியில் பாதிப்பேர் சிரித்தார்கள். அருகில் நின்ற ஒருவரிடம் பொருள் கேட்டேன். ‘இந்தத் தாத்தா கண் அசந்தால் துறைமுகத்தில் கப்பலேறிவிடுவார், யாராவது எழுப்பிவிடுங்கள்’ என்றாராம். நான் கண் அசரவில்லை. ஆனால் விழித்திருந்தபடியே இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிக் கொச்சிக்கடையில் துறைமுகச் சுவரருகே இறங்கினேன். பாரவண்டிகளுக்கும் சாக்கு மூட்டைகளுக்கும் நடுவே வழி கேட்டுக் கேட்டு நடந்து, குலசிங்கத்தின் கடையை அடைந்தபோது சட்டை உடலோடு ஒட்டியிருந்தது. ஒரே நகரத்தின் இரு முனைகளுக்கு நடுவே நான் செலவழித்த நேரத்தில் பாக் நீரிணையைத் தாண்டி மறுபடி திரும்பியிருக்கலாம்.

"வாங்கோ, வாங்கோ புரொபெசர்!" என்று மூட்டைகளுக்கு அப்பாலிருந்து பெரிய உருவமாக எழுந்தார் குலசிங்கம். "பஸ்ஸிலயோ வந்தனீங்கள்? அக்காட்டச் சொல்லாதேங்கோ, இதையும் கணக்கில சேர்த்துப்போடுவா."

அவர் கொடுத்த இஞ்சித் தேநீரைக் குடித்துவிட்டு, கடல் கடந்து வந்தும் பதில் கிடைக்கவில்லை என்பதைக் கௌரவமான சொற்களில் தெரிவித்தேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"நீங்கள் இந்தியாக்காரர், இதை வெளிநாடு எண்டுறியள். எங்கட ஆக்களுக்கு வெளிநாடு எண்டா ஸ்னோ கொட்டோணும் ஐயா!"

பிறகு சிரிப்பு நின்றது. தவமணி அம்மையாருக்கு அபிராமிக்கு மூத்த பெண்கள் இருவர். ஒருத்தி கனடாவிலும் ஒருத்தி நோர்வேயிலும் இருக்கிறார்கள். "மூத்தவளுக்கு ரெண்டு, மற்றவளுக்கு ஒண்டு. மூண்டு பேற்றுக்கும் அக்கா விசாவுக்குப் போட்டவ. மூண்டு தரமும் இல்லையெண்டிட்டாங்கள். திரும்பி வரமாட்டாவாம். ஒவ்வொரு முறையும் என்னட்ட மல்லி, மிளகு, மஞ்சள், வேர்க்கொம்பு எல்லாம் வாங்கி, வறுத்து, சரக்கு இடிச்சு, பெட்டி கட்டிக்கொண்டு இருந்தவ. பெட்டி போனது. அவ போகேல்லை."

வேர்க்கொம்பு என்பது நம் சுக்கு. பிள்ளை பெற்றவளுக்குச் சமைத்துக் கொடுக்கும் மருந்துக் குழம்புக்கான தூளைத்தான் சரக்கு என்கிறார்கள். எங்கள் பக்கத்திலும் அது உண்டு; எங்களிடம் பொட்டலத்தில் விற்கிறது.

"உங்கள் சம்மதம்?" என்றேன் கடைசியில்.

"அக்கா ஒருக்கா ஓம் எண்டா, நான் ரெண்டு தரம் ஓம்."

மூன்றாம் நாள் செவ்வாய்க்கிழமை. பிற்பகல் எனக்கு விமானம். காலையில் விடைபெறப் போனேன். வந்து சேர அரைநாள் ஆகும் என்பதே என் கணக்கு; அதைச் சொல்லிவிடுவது, பிறகு அவர் விருப்பம் என்று முடிவு செய்திருந்தேன். நாற்காலியில் அமர்ந்த நேரத்தில் என் கைப்பேசி ஒலித்தது. மனைவி சிவகாமி. ஓரிரு வார்த்தை பேசிவிட்டு வைத்தேன்.

"ஆர் ஐயா?"

"வீட்டில்தான். மாத்திரை போட்டுக்கொண்டேனா என்று கேட்கிறாள்."

தவமணி அம்மையார் சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார். "அந்தப் போன்தான்" என்றார்.

"எந்தப் போன்?"

"நோவு தொடங்கிட்டுது எண்டு வாற போன். அபிராமி! ஐயா போற பிளேனில இடம் இருக்கோ எண்டு பார். என்ர சிதம்பரத்து விசா இன்னும் முடியேல்லைத்தானே?"

சிதம்பர யாத்திரைக்கென்று எடுத்து, துணையில்லாமல் போகாது கிடந்த இந்திய விசா அது. "அம்மா, பெண்ணுக்கு முதலில் திருமணம் ஆகட்டும். பிறகு நிதானமாக..."

"கலியாணத்துக்குப் பிறகு போய்ப் பார்த்து, வந்து சேரேலாது எண்டு தெரிஞ்சா, அப்ப என்ன ஐயா செய்யிறது?"

எத்தனையோ கல்விக்குழுக் கூட்டங்களில் வாதாடியிருக்கிறேன். இப்போது என் பயணச்சீட்டை எடுத்து அபிராமியிடம் நீட்டினேன். அபிராமி கைப்பேசியில் ஏதோ செய்தாள்; இடம் கிடைத்துவிட்டது. நான் விடுதியில் வைத்திருந்த பெட்டியை எடுத்துவருவதற்குள் அம்மையார் இரண்டு சேலையைப் பையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். கூப்பிட்டிருந்த வேனின் ஓட்டுநர் ரிஸ்வான், அதே தெருவில் வளர்ந்தவர். அவரிடம் அம்மையார் சொன்னது ஒரே வாக்கியம்: "தம்பி, நோவு தொடங்கிட்டுது, ஏயார்போர்ட்டுக்கு விடு, வழியில கொட்டாஞ்சேனை."

"கொட்டாஞ்சேனை எதற்கு?" என்றேன் பதறி.

"கையில சரக்கு இல்லாமல் பேறு பார்க்கப் போறதோ? வீட்டில கிடக்கிறது பழசு."

ரிஸ்வான் விஷயத்தை முழுவதும் நம்பிவிட்டார் என்பது வேன் புறப்பட்ட வேகத்திலேயே தெரிந்தது. "ஆன்ட்டி, இன்டைக்கி செவ்வாக்கெழம. கொச்சிக்கடப் பக்கம் அந்தோனியார் கோயிலுக்கு சனம் நெறஞ்சி ஈக்கும்" என்று எச்சரித்தார். அப்படியே நடந்தது. மெழுகுவர்த்தியும் மாலையுமாகச் சாலை நிறைய மக்கள். சிங்களவர், தமிழர், நெற்றியில் நீறணிந்தவர்கள், வெள்ளை முக்காடிட்டவர்கள் என ஒரே அடர்த்தி. வேன் நின்றுவிட்டது. அம்மையார் கடிகாரத்தைப் பார்க்காமலே நோவின் நிலவரத்தை அறிவித்தார்: "இப்ப விட்டு விட்டு வரும்." சற்றுப் பொறுத்து, "இனிக் கிட்டக் கிட்ட வரும்." என்னால் உட்கார முடியவில்லை.

போக்குவரத்துக் காவலர் ஒருவர் எங்களைத் திரும்பிப் போகும்படி கைகாட்டினார். ரிஸ்வான் தலையை வெளியே நீட்டிச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். காவலர் குனிந்து அம்மையாரையும், பிறகு என்னையும் பார்த்தார். ஒரு வாக்கியம் சொன்னார். விசிலை ஊதிக்கொண்டு கூட்டத்தைப் பிளந்தார். அவர் சொன்னதை ரிஸ்வான் எனக்குப் பெயர்த்துச் சொன்னார்: ‘அப்படியானால் அந்தோனியார் பார்த்துக்கொள்வார், போ.’ ஓர் அரசு ஊழியரிடம் உண்மைக்குப் புறம்பானதைச் சொல்லி வழி பெறுவதில் எனக்குச் சம்மதமில்லை. திருத்துவதற்காக வாயைத் திறந்தேன். தவமணி அம்மையார் என்னைத் திரும்பிப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டேன். அபிராமி முன்கூட்டியே பேசியிருந்ததால் கடை முனையில் குலசிங்கம் அந்தப் பெரிய உடலோடு கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடிவந்து, சன்னல் வழியாகச் சரக்குப் பொட்டலத்தை எறிந்தார். "நேற்றையான் சாமான் அக்கா, வாசம் போகாது! கெதியாப் போ!"

விமான நிலையத்தில் இறக்கிவிட்டபோது ரிஸ்வான் நெஞ்சில் கை வைத்தார். "ஆன்ட்டி, சொகமாப் பொறக்கணும்னு துஆ செய்றேன்."

"செய் தம்பி. அதுக்கு இன்னும் நேரம் இருக்கு" என்றார் அம்மையார்.

பாதுகாப்புச் சோதனையில் சரக்குப் பொட்டலம் தனியே எடுத்து வைக்கப்பட்டது. பெண் அதிகாரி அதை முகர்ந்தார். சிங்களத்தில் நீண்ட உரையாடல் நடந்தது. கடைசியில் அதிகாரி நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். நடந்ததை அம்மையார் பிறகு எனக்குச் சொன்னார். மகளின் பேற்றுக்குப் போகிறேன் என்றாராம். மகள் எங்கே என்று அதிகாரி கேட்க, வெள்ளவத்தையில் என்றாராம். ‘அப்படியானால் நீங்கள் ஏன் அம்மா சென்னைக்குப் போகிறீர்கள்?’ என்று அதிகாரி கேட்டாராம்.

"என்ன சொன்னீர்கள்?"

"ஒருக்கா நேரத்தோட போய்ச் சேர்ந்து பார்க்கப் போறன் எண்டன். பொட்டலத்தைத் திருப்பித் தந்திட்டா."

விமானத்தில் சன்னலோர இருக்கையை அவருக்குக் கொடுத்தேன். அவருக்கும் அது முதல் விமானப் பயணம். வெள்ளவத்தைக் கரையில் நாள்தோறும் பார்த்த கடலை மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பணிப்பெண் பொட்டலம் கொடுத்தார். அம்மையார் அதைத் தொடவில்லை. பிறகு மறுகரை தெரிந்தது.

"இவ்வளவுதானோ ஐயா?"

"இவ்வளவுதான்."

பின்பு சன்னலைப் பார்த்தபடியே அம்மையார் சொன்னார்: "மூத்தவளுக்கு நோவு தொடங்கினது, பிள்ளை பிறந்தாப் பிறகுதான் எனக்குத் தெரியும். மருமகன் சொல்லேல்லை. அவரில பிழையில்லை. சொல்லி என்ன, அம்மாவால வரேலுமோ எண்டு விட்டிட்டார்."

உலக வரைபடங்களை வாழ்நாளெல்லாம் சுவரில் மாட்டி, கோல் கொண்டு காட்டியவன் நான். ஒரு தாய்க்குச் சொல்வதா வேண்டாமா என்று மருமகனை யோசிக்க வைக்கிற தூரத்தை எந்த வரைபடத்திலும் நான் காட்டியதில்லை. விமானம் இறங்கத் தொடங்கியது. "இப்ப கடுமையா இருக்கும்" என்றார் அவர் மெதுவாக. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். உள்ளபடியே பார்த்தேன்.

சென்னையில் கடவுச்சீட்டுச் சோதனை வரிசை இரண்டு. இந்தியருக்கு ஒன்று, அயல்நாட்டாருக்கு ஒன்று. என் வேலை விரைவில் முடிந்தது. அப்பால் நின்று, அயல்நாட்டார் வரிசையின் கடைசியில் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்ற அம்மையாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரிசை நகரவேயில்லை. ஒரு வெள்ளைக்கார இளைஞன் ஏதோ காகிதத்தைத் தேடி மூட்டையைப் பிரித்தான்; அவனைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. அவர் கடைசியில் வெளிப்பட்டபோது நான் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தேன். நடந்தேன் என்பதைவிட ஓடினேன் என்பதே சரி.

வெளியே சரவணன் காரோடு காத்திருந்தான். வருங்கால மாமியாரை வணங்கக் குனிந்தவனைப் பார்த்து அம்மையார் திடுக்கிட்டார்.

"தம்பி, நீங்கள் இஞ்ச என்ன செய்யிறியள்? அவளைத் தனிய விட்டிட்டோ வந்தனீங்கள்? ஆசுப்பத்திரியிலயெல்லோ நிக்கோணும்!"

சரவணன் என்னைப் பார்த்தான். "போடா, போய் அங்கே நில்" என்றேன். இப்போது யோசித்தால் எங்கே நிற்கச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அவன் பாவம், வெறுங்காரோடு எங்களுக்குப் பின்னால் வந்தான்.

வாடகைக்கார் வரிசை நீளமாக இருந்தது. வரிசையை மீறுவது நான் வாழ்நாளில் செய்யாத காரியம். மீறிய மாணவர்களைத் தண்டித்திருக்கிறேன். முதலில் நின்றவரிடம் போனேன். "ஐயா, வீட்டில் பிள்ளைப்பேறு. தயவுசெய்து வழிவிடுங்கள்" என்றேன். அவர் உடனே ஒதுங்கினார். அவர் பின்னால் நின்றவர் என் பெட்டியைத் தூக்கிக் காரில் வைத்தார்.

மெட்ரோவுக்காகத் தோண்டிய சாலைகள் எங்களை ஒவ்வொரு திருப்பத்திலும் பிடித்துக்கொண்டன. அம்மையார் நிலவரம் சொல்வதை நிறுத்திவிட்டார். ஓட்டுநரைச் சந்துகளில் விடச் சொல்லி நானே வழிகாட்டினேன். பெரம்பூரில் எங்கள் தெருவில் கார் திரும்பியபோது வீடுகளில் விளக்கேற்றிக்கொண்டிருந்தார்கள்.

சிவகாமி கதவைத் திறந்து வாசலில் நின்றாள். சரவணன் அவளுக்கு என்ன சொல்லியிருந்தான், எவ்வளவு சொல்லியிருந்தான் என்று எனக்குத் தெரியாது. தவமணி அம்மையார் காரிலிருந்து இறங்கி, பொட்டலத்தைக் கையில் பிடித்தபடி, மூச்சிரைக்கப் படியேறினார்.

"பிள்ளை பிறந்திட்டுதோ?"

என் மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கையை நீட்டிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள்.

"இன்னும் இல்லீங்க. நேரத்துக்குத்தான் வந்திருக்கீங்க. உள்ள வாங்க."

அம்மையார் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தோள்கள் இரண்டும் குலுங்கின. சிவகாமி அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். சற்றுப் பொறுத்து அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கைப்பேசியை எடுத்து வெள்ளவத்தைக்குப் பேசினார்: "அபிராமி, நான் வந்து சேர்ந்திட்டன். ஓம். இல்லையடி, பிறக்கேல்லை, முன்னமே வந்திட்டன். மாமாட்டச் சொல்லு, ஐயரிட்டப் போய் நாள் கேக்கச் சொல்லி. நல்ல நாளாக் கேக்கச் சொல்லு."

அவர்கள் இருவரும் உள்ளே போனார்கள். பெட்டியோடு நானும் பின்தொடர்ந்தேன். தவமணி அம்மையார் திரும்பிப் பார்த்தார்.

"ஐயா, நீங்கள் எங்க வாறியள்? பேறு நடக்கிற இடத்தில ஆம்பிளையளுக்கு என்ன வேலை? வெளியில நில்லுங்கோ."

உள்ளேயிருந்து என் மனைவி சிரித்த சிரிப்பு தெருவுக்குக் கேட்டிருக்கும். கதவு சாத்தப்பட்டது. நான் கட்டிய வீட்டின் வாசலில், பெட்டியைக் காலருகே வைத்துக்கொண்டு நின்றேன். சரவணன் தெருமுனையில் கார் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தான்.

மாடி வீட்டில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் நடைப்பயிற்சி முடிந்து வந்தார். "என்ன சார், வெளிய நிக்கிறீங்க?" என்றார்.

"உள்ளே பிள்ளைப்பேறு நடக்கிறது" என்றேன்.

"யாருக்கு சார்?"

"எங்கள் மருமகளுக்கு."

அவர் ஒரு படி பின்வாங்கினார். "உங்க பையனுக்கு இன்னும் கல்யாணமே ஆகலையே சார்!"

"ஆகவில்லை. இனிமேல்தான் நாள் பார்க்கப் போகிறார்கள்."

அவர் என்னை ஒரு விதமாகப் பார்த்துவிட்டு, தன் மனைவியிடம் சொல்வதற்காக இரண்டிரண்டு படியாக ஏறிப் போனார். அவரைத் திரும்ப அழைத்து விளக்க எனக்குத் தோன்றவில்லை. உள்ளே சரக்கு கொதிக்கும் மணம் வரத் தொடங்கியிருந்தது.